ஷிஃப்ட் முடிந்ததும் துடைத்தவள்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். அம்மா அதை நினைத்து வருத்தப்படாத நாள் இல்லை. ஆனால் ஒருமுறை அந்தக் கோபம் எனக்கு நல்லது செய்திருக்கிறது. அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்போது ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். என் அறைத்தோழி அஞ்செட்டியைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஒரு மலைக்கிராமத்துக்காரி. அதே தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தாள். வயதில் என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரிது. வீட்டுக்குப் போன் பேசினால் கன்னடம், கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். "உனுக்குத் தெரிஞ்சது ஒரே பாஷ. அதையும் சண்ட போடத்தான் வெச்சிக்கினு இருக்கற" என்பாள்.

பெங்களூரில் பழைய பாகங்களாகப் பொறுக்கி வந்து நானே பூட்டிய கணினி ஒன்று எங்கள் அறையில் இருந்தது. ஒரு கணினிப் பத்திரிகையோடு வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸ் போட்டிருந்தேன். அந்த உலகத்தில் யார் வேண்டுமானாலும் மென்பொருளின் மூல நிரலைத் திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தப்புக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

தோழியின் அக்கா அவர்கள் ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. அந்தப் பள்ளிக்கு யாரோ பழைய கணினிகள் சிலவற்றைக் கொடுத்திருந்தார்கள். அவற்றிலும் லினக்ஸ்தான். ஆனால் அதில் கட்டுரை எழுதும் மென்பொருளில் ஒரு கோளாறு இருந்தது. வரி முடிகிற இடத்தில் தமிழ் எழுத்தை இரண்டாக வெட்டிவிடும். 'மாடு' என்ற சொல் வரியின் ஓரத்துக்கு வந்தால் 'ம' மேலேயே நின்றுவிடும். துணைக்கால் மட்டும் அடுத்த வரிக்கு இறங்கி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "இந்த வட்டம் என்ன எழுத்து டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டதாம். இரண்டு மூன்று பேர் நோட்டில் எழுதும்போதும் அந்த வட்டத்தைப் போட ஆரம்பித்துவிட்டார்களாம். அக்கா போனில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோடை விடுமுறையில் ஒரே ஒருமுறை ஆள் அனுப்பிப் புதிய பதிப்பைப் போட்டுத் தருவதாகக் கணினி கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதோடு சரி. எப்போதாவது பஸ் போகிற ஊருக்கு மறுபடி யார் ஏறி வருவார்கள்? புதிய பதிப்பில் திருத்தம் இருக்க வேண்டும் என்றால், மென்பொருளை உருவாக்குகிறவர்கள் வைத்திருந்த கடைசி நாளுக்குள் அது அவர்கள் கையில் சேர வேண்டும். தவறினால் அந்தப் பிள்ளைகள் அந்தப் பள்ளியை விட்டுப் போகிறவரை வட்டத்தோடுதான் படிக்க வேண்டும். "நான் பாத்துக்கிறேன்க்கா" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

திருத்த வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கக்கூட அவ்வளவு நாளாகவில்லை. திருத்தியதைச் சோதிக்க, முழு மென்பொருளையும் என் கணினியிலேயே மூல நிரலிலிருந்து கோப்புக் கோப்பாகக் கட்டிச் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கட்ட ஆரம்பித்தால் ஒரு துணை நிரல் இல்லை என்று நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் அதை இறக்கிக்கொண்டு வந்தால், அது தனக்கு வேறு இரண்டு வேண்டும் என்று கேட்கும். கல்யாணத்துக்கு ஒரு சித்தப்பாவை அழைத்தால் எல்லாச் சித்தப்பாக்களையும் அழைக்க வேண்டி வருமே, அப்படி. ஒருவழியாக எல்லாம் சேர்ந்தன. கட்டும் வேலை ஓட ஆரம்பித்தது.

ஆனால் முடியவே இல்லை. எங்களுக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் காலை நேரம் மட்டும்தான் கையில். அதிலும் பாதியை மின்வெட்டு தின்றுவிடும். என் பழைய கணினிக்கோ முழு வேலையும் முடிய ஒரு பகல் முழுக்கத் தேவை. திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று அணைந்துவிடும். வீட்டுக்கார அம்மா மாடிக்குத் துணி உலர்த்த வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "அய்யிந்தா பாப்பா?" என்று கேட்பார். முடிந்ததா என்று தெலுங்கில் கேட்கிறார். இல்லை என்று சொல்லிச் சொல்லி, அவர் படியேறும் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

கடைசி நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், பொறுமை போய், அந்த மென்பொருள்காரர்களின் மடற்குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எழுதினேன் என்பதைவிடத் திட்டினேன் என்பதுதான் சரி. உங்கள் மென்பொருளைக் கட்ட ஒரு பகல் முழுக்க மின்சாரம் வேண்டும், மின்சாரம் இருக்கிற ஊர்க்காரர்கள் மட்டும்தான் உங்களுக்கு உதவலாமா, அப்படியென்றால் எல்லோரும் வரலாம் என்று ஏன் வாசலில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவ்வளவு சூட்டையும் கொட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போனபோது பதில் வந்திருந்தது. ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒருவர். கோபமே இல்லை. உங்களுக்கு இவ்வளவு சிரமம் கொடுத்ததற்கு வருந்துகிறோம், உட்கார்ந்தது முதல் எழுந்திருப்பது வரை நீங்கள் தட்டச்சு செய்கிற கட்டளைகளை வரிசையாக எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். சிறிது நேரத்தில் மறுபதில் வந்தது. எல்லாம் சரி, ஆனால் ஒவ்வொரு முறையும் 'மேக் க்ளீன்' எதற்குக் கொடுக்கிறீர்கள்?

அது, அதுவரை கட்டிய அத்தனையையும் அழித்துத் துப்புரவாக்கும் கட்டளை. அதை நான் தினமும் கொடுத்தேன். மின்வெட்டு நேரம் நெருங்கினால் வேலையை நிறுத்தி, அதைக் கொடுத்துவிட்டுத்தான் கணினியை அணைப்பேன். தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்தால் இரும்புத்தூளைக் கூட்டி, எண்ணெய் துடைத்து, மெஷினை அடுத்தவருக்குப் பளிச்சென்று விட்டுவிட்டு வர வேண்டும். அப்படி வராதவளைச் சூப்பர்வைசர் சும்மா விடமாட்டார். சொல்லாமல் மின்சாரம் போய்விட்டால், திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைக் கொடுப்பேன். பாதி வெட்டில் கரண்ட் போன பாகம் எங்கள் பிரிவில் கழித்துப் போடும் சிவப்புப் பெட்டிக்குத்தான் போகும். அதை எடுத்து மிச்சத்தை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் நானே கத்தியிருப்பேன்.

கணினி அப்படி இல்லை என்று அவர் பொறுமையாக எழுதியிருந்தார். முடிந்த பகுதிகள் முடிந்தவைதான், அப்படியே இருக்கட்டும். மின்சாரம் போனபோது எழுதிக்கொண்டிருந்த கடைசிக் கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். இது எங்கள் குறிப்பில் எங்குமே இல்லை, தப்பு எங்களுடையது, இன்றே சேர்த்துவிடுகிறேன் என்று முடித்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேலி செய்திருந்தால்கூட அன்றோடு எல்லாவற்றையும் விட்டிருப்பேன். இப்போது நினைத்தாலும் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தோழியிடம் சொன்னபோது அவள் என் பக்கம்தான் நின்றாள். "பின்ன, தொடைக்காம எழுந்து வர்றதா? அது என்னா பழக்கம்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்கார அம்மாவிடமும் போய்த் தெலுங்கில் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, அந்த வாரம் முழுக்க நான் கணினி முன்னால் இருக்கும் வேளையில் கிரைண்டரும் போடவில்லை, தண்ணீர் மோட்டாரும் போடவில்லை. போட்டால் வோல்டேஜ் இறங்கி என் கணினி அணைந்துவிடும் என்பதை அவராகவே கண்டுகொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் மோட்டார் போட்டபோது அவரோடு சண்டைக்கே போய்விட்டார். கோபத்தில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டதாகத் தோழி சொன்னாள்.

மூன்றாவது காலையில் கட்டி முடிந்தது. அழித்துவிடாமல் எழுந்து வரக் கை கூசத்தான் செய்தது. என் திருத்தத்தைப் போட்டு ஓட்டினேன். துணைக்கால் சரியாகிவிட்டது, ஆனால் 'கொ' இன்னும் உடைந்தது. முன்பென்றால் அழுதிருப்பேன். இப்போது ஒரு கோப்பைத் திருத்தினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி கட்டிக்கொண்டு, நான் காபி குடித்து முடிப்பதற்குள் தயாராக நின்றது. திருத்தி, ஓட்டி, திருத்தி, ஓட்டி, கடைசி நாள் காலையில் எல்லா எழுத்தும் உடையாமல் வந்தன.

அதை அனுப்பப் பிரவுசிங் சென்டருக்கு ஓடினால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குள் ஓசூர் முழுக்கக் கரண்ட் போயிருந்தது, மதியம்தான் வருமாம். மதியம் நாங்கள் தொழிற்சாலைக்குள் இருப்போம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோழிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்திபெலே போலாம் வாக்கா. அது கர்நாடகா. அவுங்க கரண்ட் வேற, நம்ம கரண்ட் வேற."

பஸ்ஸில் எல்லையைத் தாண்டி அத்திபெலேயில் இறங்கினோம். அங்கே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பிரவுசிங் சென்டரில் எல்லா இருக்கையிலும் ஆள். தோழி கன்னடத்தில் ஏதோ சொன்னாள், கையைக் காட்டி என்னைப் பற்றியும் ஏதோ சொன்னாள். ஓரத்தில் இருந்த ஒருவர் தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். நன்றி சொல்லக்கூட எனக்கு அவர் பாஷை தெரியவில்லை. அனுப்பிவிட்டு ஓடி வந்து, இரண்டு பேரும் ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினோம். அன்றைக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டதாக மறுநாள் ஐரோப்பாக்காரரிடமிருந்து பதில் வந்தது.

விடுமுறையில் ஆள் வந்து புதிய பதிப்பைப் போட்டுவிட்டதாக அக்கா சொன்னார். பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை தோழியோடு அவள் ஊருக்குப் போனேன். அக்கா வகுப்புக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்தார். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு கணினிக்கு நாலைந்து பேராக ஒட்டி உட்கார்ந்து, மாடு மேய்ப்பதைப் பற்றி ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல் வரியின் ஓரத்துக்கு வந்தது, இடம் போதாமல் முழுசாக அடுத்த வரிக்கு இறங்கியது. கொம்பு, கால் எல்லாம் அதனதன் எழுத்தோடு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. வட்டம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. தட்டிக்கொண்டே போனார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

தோழி பதறிப்போய் என் காதருகே குனிந்தாள். "எதுக்குக்கா அழுவுற? இங்க ஒண்ணுமே ஆவலியே?"

"ஆமாடி," என்றேன். "ஒண்ணுமே ஆகல."