வள்ளத்தின் பெயர்

இனயம் என்ற கடற்கரை ஊரில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது, ஞாயிறு பூசை முடிந்ததும் ஓர் அக்கா வருவார். வளைகுடாவில் மீன்பிடிக்கும் கணவரிடம் போன் இல்லை. இருவருக்கும் ஒரே மெயில்தான்; அவர் அங்கே கரையேறும்போதும் இவர் இங்கேயும் அதைத் திறந்து மாறி மாறி எழுதி வைப்பார்கள். பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார். எனக்குத்தான் பதறும். அது அவர்களுடைய மீன்பிடி வள்ளத்தின் பெயர். பக்கவாட்டில் எழுதிய அந்தப் பெயரோடு வள்ளம் ஊரே பார்க்கக் கரையில் கிடந்தது.

ஒருநாள் யாரோ உள்ளே புகுந்து, கணவர் எழுதியதற்குக் கீழே அசிங்கமாகப் பதில் எழுதியிருந்தார்கள்.

"உடனே மாத்துங்க அக்கா."

"மாத்தினா அவரு எப்படித் திறப்பாரு? புதுசை இதுலயே எழுதி வச்சா அந்தப் பயலும் படிப்பானே."

வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார்: 'அடுத்த ஞாயிறு மாத்துவேன். நமக்குத் தங்காமப் போன பிள்ளைக்கு நீங்க நினைச்சு வச்சிருந்த பேரு.'

சொன்னபடியே மாற்றினார். அன்று மட்டும் அவர் உதடு அசையவில்லை.