குவாரி வாசலில் ஒரு கஃபன்

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் தேதி, திங்கட்கிழமை, லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்த நேரத்தில், கெய்ரோவுக்குத் தெற்கே, நஸ்லத் ஷூமான் கிராமத்துக்குக் கிழக்கே உள்ள சுண்ணாம்புக்கல் குவாரியின் வாசலில் என் தமையன் பகீத் கினாவி கைது செய்யப்பட்டார். அப்போது அவர் காலில் செருப்பில்லை, தலையில் தலைப்பாகையில்லை. தம் பிணத்தைச் சுற்றுவதற்கான வெள்ளைக் கஃபன் துணியை இரு கைகளிலும் ஏந்தி நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டவரைக் கலகக்காரர் என்று தீர்மானித்து ராணுவ நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கல்தூசி அரித்த நுரையீரலோடு அவர் இன்றும் சிறையில் கிடக்கிறார். அவரை நெஞ்சுநோய் மருத்துவமனைக்கு மாற்றாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று சிறை மருத்துவரே என்னிடம் சொன்னார். மாற்றக் கோரி நான் கொடுத்த மனு எதற்கும் எழுத்தில் பதில் வரவில்லை. இதுவே என் குற்றச்சாட்டு. தாங்கள் பிடித்து வைத்திருப்பது யாரை என்று அவர்களுக்குத் தெரியாது என்பதால், அவர் யார் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பகீத் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கட்டாயப் படைப்பணி மூன்றாண்டு. அந்த மூன்றாண்டில் அவர் துப்பாக்கி பிடித்த நாட்கள் குறைவு. அதிகாரிகளின் கல்யாண மண்டபத்தில் தட்டு ஏந்திய நாட்களே அதிகம். ஆனாலும் சீருடையில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். தளபதிமாரை யாராவது பழித்தால் எழுந்து போய்விடுவார்.

திரும்பி வந்தவர் குவாரிக்குப் போனார். எங்கள் மலை வெள்ளை. அங்கே வேலை செய்பவர்களும் மாலையில் வெள்ளையாகத்தான் இறங்கி வருவார்கள். முகத்தில் சுற்றிய துணியை அவிழ்த்த பிறகே இன்னார் என்று தெரியும். பல வருடம் பிறருடைய ரம்பத்தில் கூலிக்கு நின்றவர், மனைவியின் காப்பையும் ஓர் எருமையையும் விற்று, சொந்தமாக ஒரு கல்லறுக்கும் ரம்பம் வாங்கினார். மகன் தாஹாவின் பெயரால் அபூ தாஹா என்று அழைத்த ஊர், அன்றிலிருந்து கொஞ்சம் மரியாதை சேர்த்து அழைத்தது.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது; டாங்கிகள் நகரத்துக்கு வந்தன. பகீத் ஒரு கட்டுக் கரும்பு வாங்கிக்கொண்டு போய்ப் படையினருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"எதுக்குண்ணே கரும்பு?" என்று கேட்டேன்.

"நம்ம புள்ளைங்கதானே ரத்தீபா. கட்சிக்காரனுங்க பேசிப் பேசியே நம்மளக் கொன்னானுங்க. இவங்க பேச மாட்டாங்க, வேலையப் பாப்பாங்க."

உண்மைதான். அவர்கள் பேசவில்லை. எங்கள் மாகாணத்துக்கு ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் ஆளுநராக வந்தார். நகரசபையை ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் எடுத்துக்கொண்டார். தண்ணீர் அலுவலகம், மாவு மில், மருத்துவமனை நிர்வாகம் என்று எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு பழைய சீருடை உட்கார்ந்திருந்தது. ஒருவரைப் பற்றிய புகாரை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே பாசறையில் உண்டவர்கள். பழைய எம்.பி. திருடர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுக் கேட்டு வரும்போது அவர் முகத்துக்கு நேரே திருடன் என்று சொல்ல முடிந்தது. ஆளுநர் யார் வீட்டு வாசலுக்கும் ஓட்டுக் கேட்டு வருவதில்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் குவாரி ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டது என்றார்கள். எந்த நிறுவனம் என்று கேட்டால் வானத்தைக் காட்டினார்கள். வாசலில் கம்பிக் கதவும் காவலும் வந்தன. சொந்த ரம்பம் வைத்திருப்பவர்கள் லாரிக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்த வேண்டும். மலையின் நல்ல பக்கத்தில் கட்டாயப் படைப்பணிக்கு வந்த இளைஞர்கள் ராணுவக் கால்சட்டையோடு கல் அறுத்தார்கள். அவர்களுக்குக் கூலி இல்லை. சோறும் படுக்கையும் மட்டும். கூலி கேட்க முடியாத கையோடு போட்டி போட எந்தக் கூலிக்காரனால் முடியும்? எங்களூர் ஆண்கள் சிலர் லிபியாவுக்குப் போனார்கள், சிலர் டுக்டுக் ஓட்டினார்கள். துக்க வீட்டுப் பந்தலில்கூட ஜனங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் பேசக் கற்றுக்கொண்டார்கள். அந்த இளைஞர்களும் எங்களைப் போன்ற ஊர்களின் பிள்ளைகளே. அவர்கள்மேல் எனக்குப் பகை இல்லை.

பகீத் இரண்டு மாதக் கட்டணம் பாக்கி வைத்தார். பிப்ரவரியில், குவாரிக்குப் பொறுப்பான கர்னலின் கார் சற்றுத் தள்ளி நிற்க, காவலர்கள் வந்து பகீத்தின் ரம்பத்தை லாரியில் ஏற்றினார்கள். அவர் தடுத்தார், தள்ளிவிட்டார்கள். கையிலிருந்த ஸ்பேனரை வீசினார். அது காவல் சார்ஜென்ட் ஹம்தானின் நெற்றியைப் பிளந்தது. இது குற்றம்தான். பகீத் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

ஹம்தான் தெற்கே எங்களைப் போன்ற ஒரு கிராமத்தில் பிறந்தவர். கல்லில் வழுக்கி விழுந்ததாக மேலே சொல்லிவிட்டார். சில நாள் கழித்து, நெற்றிக் கட்டோடு எங்களூர் டீக்கடைக்கு வந்து பகீத்தின் எதிரே உட்கார்ந்தார்.

"ஏன்யா அபூ தாஹா, உன் ஸ்பேனருக்கு என் நெத்திதான் கெடச்சுதா? கர்னலோட நெத்தி அங்கதானே பளபளன்னு இருந்துச்சு."

"அவரு காருக்குள்ள இருந்தாரு. கண்ணாடி வேற ஏத்தியிருந்துச்சு."

கடையே சிரித்தது. ஹம்தானும் சிரித்தார், கட்டு இழுத்ததால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிச்சது போதும். நானும் சயீதிதான், தெற்கத்திக்காரன். சும்மா விட்டேன்னு தெரிஞ்சா எங்கப்பா என்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு. நீ கஃபனோட வா. நாலு பேரு முன்னாடி மன்னிச்சு விட்டுடறேன், ரெண்டு பேருக்கும் மானம் மிஞ்சும்."

கஃபனைத் தூக்கிக்கொண்டு வருபவன் சொல்வது இதுதான்: என் உயிர் உன் கையில், கொல் அல்லது மன்னி. அப்படி நிற்பவன்மேல் கை வைத்த குடும்பம் எங்கள் நிலத்தில் இல்லை. வைத்தால் அந்த வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். துப்பாக்கி முடிக்காத பகைகளை அந்தத் துணி முடித்திருக்கிறது.

எங்கே நடத்துவது என்பதில்தான் தவறு நேர்ந்தது. வழக்குத் தீர்க்கும் பெரியவர் ஹாஜ் தர்தீர் உறுதியாகச் சொன்னார்.

"ரத்தம் விழுந்த எடத்துக்குத்தான் கஃபன் போகணும். திண்டு போட்டு வீட்டுக்குள்ள முடிச்சா, பொம்பளைங்க சமாதானம்னு ஊரே சிரிக்கும்."

"குவாரி வாசல் யாரு வீட்டு வாசலும் இல்ல ஹாஜ்," என்றேன். "கிட்ட வராதேன்னு போர்டு வச்சிருக்கான்."

"போர்டெல்லாம் படிச்சவங்களுக்கு ரத்தீபா. நீ வேணா கிட்டப் போகாத."

அவர்கள் படையையும் ஒரு குடும்பம் என்று எண்ணினார்கள். அதற்கும் ஒரு தகப்பன் இருப்பார், அவருக்கும் நாணம் இருக்கும் என்று நம்பினார்கள். எங்கள் மக்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

வழக்கப்படி பகீத் முன்னே நடந்தார். பின்னால் ஆண்கள் வாய் பேசாமல் நடந்தார்கள். மன்னிப்பு முடிந்ததும் அறுக்க ஓர் ஆட்டுக்கிடாயும் கூட வந்தது. பெண்கள் நாங்கள் மேட்டில் நின்று பார்த்தோம். ஹம்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, துணியை வாங்கக் கை நீட்டினார். அப்போது கர்னலின் கார் வந்து நின்றது. அவர் கெய்ரோக்காரர், எங்கள் வழக்கம் அறியாதவர். அவர் கண்ணில் பட்டது சத்தமில்லாமல் வரும் ஒரு கூட்டமும் அதன் முன்னால் ஒரு வெள்ளைத் துணியும்தான். பிறகு நடந்த பேச்சை ஹாஜ் தர்தீர் எனக்கு வரிவரியாகச் சொன்னார்.

"என்னடா இது, ஊர்வலமா?"

"இல்ல பாஷா, ராஜி பேச வந்தோம். அடிச்சவன் வந்திருக்கான். உங்க ஆளு மன்னிச்சுட்டாரு," என்றார் ஹாஜ்.

"அடிபட்டது அவன் இல்ல, அரசு. அரசு யாரையும் மன்னிக்கறதில்ல."

பின்னாலிருந்து யாரோ ஒருவர், "அப்போ அரசோட அப்பா யாருன்னு சொல்லுங்க பாஷா, அவருகிட்டயே போறோம்," என்றார். கூட்டம் சிரித்தது. கர்னல் சிரிக்கவில்லை. வானத்தை நோக்கிச் சுட்டார்கள்; ஜனங்கள் ஓடினார்கள். பகீத் ஓடவில்லை. கஃபனோடு நிற்பவன் ஓடக்கூடாது. அதனால் அவரைப் பிடிப்பது எளிதாக இருந்தது.

ராணுவ நீதிமன்றத்தில் கஃபன் சான்றுப்பொருளாக வைக்கப்பட்டது. குற்றப்பத்திரிகையின் நகல் என்னிடம் இருக்கிறது. "ஆர்ப்பாட்டத்துக்கான வெள்ளைப் பதாகை" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பதாகையில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் வழக்கறிஞர் கேட்டார். எழுதுவதற்கு முன்பே கைப்பற்றிவிட்டோம் என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. ஹம்தான் சாட்சிக் கூண்டில் ஏறி, "நான் அவர மன்னிச்சுட்டேன்," என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அவரை அடக்கினார்கள். அடுத்த வாரம் அவரை மேற்குப் பாலைவன எல்லைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஹாஜ் தர்தீரையும் பிடித்துப்போய், இனிமேல் வழக்குத் தீர்ப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். மறு வருடம் பக்கத்துக் கிராமத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு குடும்பங்கள் மோதின. இரண்டு பேர் செத்து, இரண்டு ஜனாஸாக்கள் எழுந்தன. கஃபன் ஏந்த ஒருவரும் துணியவில்லை. ஏந்தினால் ஐந்தாண்டு என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வேலையையும் ஓட்டையும் எடுத்துக்கொண்டவர்கள், ஒருவரையொருவர் கொல்லாமல் இருக்க நாங்கள் வைத்திருந்த ஒரே வழியையும் மிதித்துவிட்டார்கள். அந்த இடத்தில் அவர்கள் வைத்தது எதுவும் இல்லை.

போன முறை பார்க்கப் போனபோது பகீத் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூன்று முறை இருமினார்.

"மலைய விட்டு எவ்ளோ தூரம் வந்துட்டேன் ரத்தீபா. ஆனா மலை உள்ளயே இருக்கு."

"ஆஸ்பத்திரிக்கு மாத்தச் சொல்லி மறுபடி குடுத்திருக்கேண்ணே."

"குடுத்துட்டே இரு. என்னைப் பாக்க வர ஒனக்கு ஒரு சாக்கு வேணும்ல."

வெளியே வந்து மனு என்னவாயிற்று என்று அலுவலகத்தில் கேட்டேன். "வரும், போம்மா," என்றார் குமாஸ்தா. எழுத்தில் கொடுங்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எழுத்துல குடுத்தா யாராவது கையெழுத்துப் போடணும்லம்மா. யாரு போடுவா?"

ஆகவே இதை அச்சில் கொடுத்துக் கேட்கிறேன். மன்னிப்புக் கேட்பது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் குற்றம் என்பதைத் தெரிவிக்கவும். பகீத் கினாவியை எந்தத் தேதியில் நெஞ்சுநோய் மருத்துவமனைக்கு மாற்றப்போகிறீர்கள் என்பதைத் தெரிவிக்கவும். மாற்றப்போவதில்லை என்றால், அந்த முடிவை எடுத்தவரின் பெயரையும் பதவியையும் தெரிவிக்கவும். வாய்வார்த்தையை இனி ஏற்கமாட்டேன். தேதியும் கையெழுத்தும் இட்ட பதிலை, என் தமையன் உயிரோடு இருக்கும்போதே, எழுத்தில் அனுப்ப வேண்டும்.

ரத்தீபா கினாவி
நஸ்லத் ஷூமான், மே 2021