கலாவதியின் கையைக் கடித்தது

செவிலிமேட்டில் தறி நெய்யும் கலாவதியின் வீட்டு வாளியில் ஏதோ வாய் திறந்து மூடுகிறதாம். அவளுடைய இரண்டு உள்ளங்கையையும் அதுதான் கடித்ததாம். அடுத்த வீட்டு வீரபாகு சொன்னார். பார்த்தீர்களா என்று கேட்டால், "பாத்தவன் எவன்பா உசுரோட இருப்பான்?" என்கிறார். தினமும் பார்க்கிற கலாவதி உயிரோடு இருப்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போய்ப் பார்த்தேன். கைகளில் கட்டோடு, தறிக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். வாளியில் கடல் தண்ணீர், நாலைந்து கருஞ்சிப்பி. சிப்பி ஓட்டின் மேல், கூரான சுண்ணாம்புக் குமிழ் குமிழாக, கொட்டலசு என்கிற கடற்பூச்சி ஒட்டியிருந்தது. குனிந்தேன். ஒவ்வொரு குமிழும் திறந்து, இறகு போன்ற காலை நீட்டி, எதையோ வாரி உள்ளே இழுத்துக்கொண்டது. பேய்க்கு அஞ்சாதவன்தான், ஆனாலும் ஓரடி பின்வாங்கினேன்.

கடல் ஆராய்ச்சி செய்யும் அனு, இழை எண்ணிப் பழகிய கண் என்று கலாவதியைச் சிப்பி எண்ணக் கூட்டிப் போயிருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு பாறை, தண்ணீர் வற்றும் வேளை, ஆறு மாதம். சிப்பியைத் துளைத்துத் தின்னும் நத்தை, கொட்டலசு மூடியதை அவ்வளவாகத் தொடுவதில்லை. பாசியை மேய வரும் நத்தையோ குஞ்சுக் கொட்டலசையும் சேர்த்தே வழித்துவிடும். பாசி அடர்ந்த சிப்பியை அலை, குடுமியைப் பிடித்த மாதிரி பிடுங்கிவிடும். எல்லாம் கலாவதியின் கையெழுத்திலேயே நோட்டில் இருக்கிறது. வாளியில் இருப்பதும் அந்தப் பாறைச் சிப்பிதான்.

போன மாதம் அலை அவளையே சரித்தது. நீச்சல் தெரியாது. கைக்கு எட்டிய தூரத்தில் இரண்டு சிப்பிக் கொத்து. ஒன்றில் கொட்டலசு, மற்றதில் பாசி.

"பாசியத்தாண்ணா புடிச்சேன். கை கீறிச்சுன்னா பட்டு இழை பிசிறுமே. கை தானா மெத்துனு இருந்த பக்கம் பூட்ச்சு."

கொத்து அப்படியே பெயர்ந்து வந்தது. அடுத்த அலையில் கொட்டலசைப் பற்றினாள். உள்ளங்கையைக் கிழித்தது, ஆனால் விடவில்லை. அங்கே சிப்பி பறித்துக்கொண்டிருந்த மணியம்மாள் தன் இரும்புச் சுரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, முடியைப் பிடித்து இழுத்தாள். சுரண்டி பாறை இடுக்கில் போனது. இன்னொண்ணு வாங்கியாந்து குடுத்துடு கண்ணு என்றாளாம், அவ்வளவுதான்.

புதுச் சுரண்டி, தாள் சுற்றியபடி தறிக்காலில் சாய்ந்திருக்கிறது. யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னாள் அனு. கலாவதி தன் கையால்தான் தருவாளாம். மூன்று முறை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பியிருக்கிறாள். பஸ்ஸின் பிரேக் உஸ்ஸென்றால்கூட அலை மாதிரி கேட்கிறதாம்.

பேச்சுக்கு நடுவே கைக்கட்டு நழுவியது. காயம் எப்போதோ ஆறியிருந்தது. அவசரமாக மறுபடி சுற்றிக்கொண்டாள்.

"அவுத்துட்டா கடலுக்குப் போயாவணும்ணா," என்றாள்.

வெளியே வீரபாகு காத்திருந்தார். கடித்தது உண்மைதான், இன்னும் விடவில்லை என்றேன். சுரண்டி இன்னும் தறிக்காலில்தான் இருக்கிறது.