காற்றுமழைக்கு வைத்த மெழுகுதிரி

எங்கள் வீட்டில் நன்றி சொல்லாதவர்களுக்குச் சோறு கிடையாது. யாழ்ப்பாணக் கடற்கரையில் எங்கள் குருநகரில் பின்னேரச் செபமாலை எந்த வீட்டிலும் உண்டு. ஆனால் செபமாலையின் கடைசியில் ஒவ்வொருவரும் அன்றைய நாளுக்காக ஆண்டவருக்கு ஒரு நன்றியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் சொந்தச் சட்டம். எல்லோரும் சொன்ன பிறகுதான் செபம் முடிந்ததாக அர்த்தம். முடிந்தால்தான் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லி எழும்பலாம். எழும்பினால்தான் அம்மா சட்டியைத் திறப்பார். இதில் அப்பாவுக்கும் தப்ப வழியில்லை. செபத்தை அரைவாசியில் விட்டுவிட்டு அவர் ஒருநாளும் இரவு மீன்பிடிக்கப் போகும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை.

பதினொரு வயதுவரை என்னிடம் ஒரேயொரு நன்றிதான் இருந்தது. "நல்ல சாப்பாட்டுக்கு நன்றி ஆண்டவரே." சாப்பிடுவதற்கு முன்பே அது நல்ல சாப்பாடு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டக் குழு தொடங்கினார்கள். விளையாட்டு ரீச்சர் என்னைப் பந்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். மற்றக் காலாலும் அடிக்கச் சொன்னார். அடித்தேன். எங்கே பழகினாய் என்று கேட்டார். அண்ணை கோல் அடிக்கும்போது கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் பொறுக்கி உதைத்ததைத் தவிர எனக்கு வேறு பழக்கம் இல்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு நிற்பவர்களுடைய பெயர்தான் குழுவில் சேரும் என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அப்பா வலையிலிருந்து தலையை எடுக்காமலே வேண்டாம் என்றார். காரணத்தைக் கூடவே இருந்த மாமி, அப்பாவின் தங்கை, சொன்னார். "வெய்யிலிலை கறுத்து, காலெல்லாம் தழும்பு வந்தால் நாளைக்கு உன்னை ஆர் கட்டுவினம்?"

அன்று பின்னேரம் மாதா சுரூபத்துக்கு முன்னால் ஐந்து பேரும் முழங்காலில் நின்றோம். அண்ணையின் முறை வந்தது. "இண்டைக்கு ரெண்டு கோல் அடிக்க வைச்சதுக்கு நன்றி ஆண்டவரே." அவருடைய சேற்றுச் சொக்ஸை அப்போதுதான் தோய்த்துப் போட்டிருந்தேன். என் கையில் சவர்க்காரம் இன்னும் மணத்தது.

அடுத்தது நான்.

"எனக்கு இண்டைக்கு நன்றி ஒண்டும் இல்லை."

அப்பா கண்ணைத் திறந்தார். "யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுப்போட்டுத்தான் சொல்லுறன்."

மாமி உதவிக்கு வந்தார். "கையும் காலும் சுகமாய் இருக்குதெல்லே பிள்ளை, அதுக்குச் சொல்லன்."

"பந்தடிக்க விடாத காலுக்கு நான் ஏன் மாமி நன்றி சொல்லவேணும்? அண்ணையின்ரை காலுக்கு அண்ணை சொல்லியாச்சு."

அண்ணை என்னை முழங்கையால் இடித்தார். "எடியே, பசிக்குது. ஏதாவது ஒண்டைச் சொல்லித் துலை."

"நாளைக்குப் பள்ளிக்கூடத்திலை நிண்டு பழக விட்டால் சொல்லுறன்."

"ஆண்டவரோடை பேரம் பேசுறியோ?" என்றார் அப்பா.

"ஆண்டவரோடை இல்லை அப்பா. உங்களோடை."

மாமிக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக்கினார். அப்பா சிரிக்கவில்லை. சுரூபத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியைக் காட்டினார். அரை விரல்கூட மிச்சமில்லை.

"இது எரிஞ்சு முடியுமட்டும் பாப்பன். அதுக்குள்ளை நீ வாய் திறக்காட்டி நானே செபத்தை முடிப்பன். பிறகு பந்தடிக் கதை இந்த வீட்டிலை எடுக்கப்படாது."

நான் வாய் திறக்கவில்லை. சீமெந்து நிலத்தில் முழங்கால் எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் நேராக நின்றேன். மாமி காலை நீட்டி இருந்துவிட்டார். குசினியில் மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. திரி ஒருபக்கம் சாய்ந்து, மெழுகுக் குளத்துக்குள் மூழ்கப் பார்த்தது. என் உதைபந்தாட்டமும் அதற்குள்தான் மூழ்கிக்கொண்டிருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

அப்போதுதான், அதுவரை ஒரு சொல்லும் சொல்லாத அம்மா எழும்பினார். தடி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா கண்ணாடி அலுமாரியைத் திறந்து, கடதாசியில் சுற்றி வைத்திருந்த பெரிய மெழுகுதிரியை எடுத்தார்.

அது கோயிலில் ஆசீர்வதித்துக் கொண்டுவந்தது. கடல் கொந்தளித்து, தொழிலுக்குப் போனவர்கள் கரைக்கு வராத நேரத்தில் மட்டும்தான் அதைக் கொளுத்துவார்கள். கரண்ட் போனால்கூட அம்மா எங்களைத் தொட விடமாட்டார்.

"மச்சாள், அது காத்துமழைக்கு வைச்சதெல்லோ?" என்றார் மாமி.

"இதுவும் காத்துமழைதான்," என்றார் அம்மா. சாகப்போன திரியின் கடைசி நெருப்பில் அதைக் கொளுத்தி, மெழுகை ஊற்றி நிறுத்தினார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்னப்பா இது?"

"செபம் முடியேல்லையே," என்று சொல்லிவிட்டு அம்மா பழையபடி முழங்காலில் நின்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்னைக் காற்றுமழை என்றாரே. விடியுமட்டும் முழங்காலில் வைத்து என் திமிரை அடக்கத்தான் இந்தப் பெரிய திரி என்று முடிவு கட்டினேன். அடக்கிப் பார்க்கட்டும்.

அப்பா அந்த மெழுகுதிரியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். திரி எரிந்து முடியுமட்டும் பார்ப்பேன் என்று சொன்னவர் அவர்தான். இது எரிந்து முடியுமுன் அவர் வள்ளத்துக்குப் போயாக வேண்டும். திரும்பவும் அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடியிருந்தார்.

"ஆறு மணிக்கு முன்னம் வீட்டிலை நிக்கவேணும்," என்றார் அப்பா. குரல் சுரூபத்தைப் பார்த்துத்தான் வந்தது. "ஒரு நாள் பிந்தினாலும் எல்லாம் முடிஞ்சுது. இப்ப சொல்லு."

சொன்னேன். அதுவரை சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். பந்தடிக்க விட்ட அப்பாவுக்காக நன்றி, பந்து பொறுக்க வைத்த அண்ணைக்காக நன்றி, என்னை ஆர் கட்டுவார்கள் என்று கவலைப்பட்ட மாமிக்காகவும் நன்றி. அம்மாவை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். எல்லோருக்கும் அது விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அம்மா எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். பிறகு திரியை விரலால் நசுக்கி அணைத்து, கடதாசியில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் குழம்பைச் சூடாக்கப் போனார்.

இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படிக்கிறேன். பல்கலைக்கழகக் குழுவில் இடதுபக்கம் ஓடுகிறேன். தழும்புகளுக்குக் குறைவில்லை, மாமி இன்னும் கவலைப்படுகிறார். கட்டளைக்கு நன்றி சொல்லும் பழக்கம் எனக்கு இன்றைக்கும் வரவில்லை, வரப்போவதும் இல்லை.

நான் குழுவில் சேர்ந்த அந்த வருடம், மாரிமழைக் காலத்தில் ஓர் இரவு கடல் மாறியது. விடிந்தும் அப்பா கரைக்கு வரவில்லை. அன்று செபத்தில் கொஞ்சம் எரிந்து குறைந்திருந்த அந்தத் திரியை அம்மா மறுபடி எடுத்துக் கொளுத்தினார். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து முழங்காலில் நின்றார்கள். திரி எரிந்து அடியைத் தொடும் நேரத்தில் வீட்டு வாசல் ஒழுங்கையில் அப்பாவின் குரல் கேட்டது. அம்மா நிலத்தில் அப்படியே குந்திவிட்டார்.

நான் மிஞ்சிக் கிடந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் நீளமான திரியாகப் பார்த்து அம்மா வாங்கியிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.