இனி ஓட்டோடுதான்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கஞ்சி என்று பெயர். டாக்டர்களின் கோட்டுகளுக்குக் கஞ்சி போடும் வேலையில் சேர்ந்ததால் வந்த பட்டம். பிறகு போர்வைகளை அழுத்தித் தரும் உருளை இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேலை மாறியது, பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆளும் அப்படி விறைப்புதானே என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். வெளியில்தான் விறைப்பு, வீட்டில் அவள் எவ்வளவு வளைந்து கொடுத்தாள் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு வீட்டில் இரண்டு பேர்தான். காலையில் அவனுக்கு இரண்டு அவித்த முட்டை வேண்டும், அவளுக்கு ஒன்று. கல்யாணமான புதிதில் அவள் உரித்துவைத்த முட்டையைப் பார்த்துவிட்டு அவன் தட்டைத் தள்ளினான்.

"என்ன இது, எலி கொறிச்ச மாதிரி?"

ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்து, முட்டை பள்ளம் பள்ளமாக இருந்தது. புது மணப்பெண் கூனிக் குறுகிப் போனாள். மறுநாளும் அதே கதை. "வேலைன்னா நீட்டா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே டூல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து முட்டை அவளுக்கு ஒரு பரீட்சையாகிவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை, கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டாள். அன்றைக்கு வாங்கின முட்டை லேசில் உரியாது, ஒரு வாரமாவது கிடக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் ஓட்டுக்கடியில் இருக்கும் சவ்வு வெள்ளையைப் பிடித்துக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீரில்தான் கரண்டியால் இறக்க வேண்டும். வெந்ததும் ஐஸ் தண்ணீர். பிறகு பெரிய முனையில் தட்டி, கட்டைவிரலைச் சவ்வுக்கு அடியில் கொடுத்து, தண்ணீருக்குள்ளேயே உரிக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் சில நாள் ஒன்று சொதப்பும். சொதப்பினது அவள் தட்டுக்குப் போகும். எத்தனையோ வருஷமாக, பிய்ந்த முட்டையெல்லாம் அவள் பங்குதான். ஓட்டுத் துணுக்கு நகக்கண்ணில் ஏறியிருந்தால், அன்று முழுக்கச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை பட்டாலே அந்த இடம் எரியும்.

இதையெல்லாம் அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. அவனுக்கு அப்படி ஒரு சுபாவம், அவ்வளவுதான் என்று இருந்தாள். கொழுந்தன் வீட்டுக்குப் போகிற வரைக்கும்.

கொழுந்தன் புதிதாக வாடகைக்கு வீடு பிடித்திருந்தான். வந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். ஓரகத்தி நல்ல பெண், கொஞ்சம் அவசரக்குடுக்கை. பந்தி போல எல்லோரும் உட்கார்ந்ததும், அவித்த முட்டைகளை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஒன்றாவது முழுசாக இருக்க வேண்டுமே. ஒன்றில் மஞ்சள்கருவே எட்டிப் பார்த்தது.

"உரிக்கவே வரல மாமா. பிச்சுப் பிச்சுப் போட்டுட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் ஓரகத்தி.

கஞ்சி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பாவம் இந்தப் பெண், என்ன சொல்லப்போகிறானோ என்று அவளுக்குப் பதைத்தது.

அவன் இருப்பதிலேயே மோசமான முட்டையை எடுத்து, உப்பையும் மிளகுத்தூளையும் தூவி, வாயில் போட்டுக்கொண்டான். "இதுல என்னம்மா இருக்கு? உள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே" என்று சிரித்தான். இன்னொன்றும் எடுத்துக்கொண்டான்.

அவள் கையில் எடுத்த முட்டையைத் தட்டிலேயே வைத்தாள். காதெல்லாம் சூடாகிவிட்டது. சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்றைக்குப் பார்த்தாள்? உள்ளே போனால் எல்லாம் ஒன்று என்பது இவனுக்கு முன்பே தெரியுமா? தெரிந்துகொண்டேதான் தட்டைத் தள்ளினானா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தலைவலியா?" என்று கேட்டான். "ஆமா" என்றாள். வாயைத் திறந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் முட்டை அவித்தாள். அவனுடைய இரண்டையும் ஓட்டோடு தட்டில் வைத்தாள். தன்னுடையதை உரித்து, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வழுவழுவென்று, கண்ணாடி மாதிரி இருந்தது.

"என்ன, உரிக்கலையா?"

"இல்ல."

"ஏன், கையில ஏதாவது?"

"கை நல்லாத்தான் இருக்கு. இனி ஓட்டோடுதான்."

விளையாடுகிறாள் என்று நினைத்தான் போல. அவனே எடுத்து மேசையில் தட்டி உரிக்கப் பார்த்தான். பாதி முட்டை ஓட்டோடு போனது. எரிச்சலில் மிச்சத்தைத் தட்டிலேயே நசுக்கிவிட்டு எழுந்தான். "காலங்காத்தால மனுஷனை டென்ஷன் பண்ணாத" என்றான். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அவன் முறைத்தான், பேசாமல் இருந்தான், ஒருநாள் டீக்கடையில் சாப்பிட்டுக்கொள்வதாக மிரட்டினான். "தாராளமா" என்றாள். கடைசியில் ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"என்னதான் ஆச்சு உனக்கு? சொன்னாத்தானே தெரியும்."

"உங்க தம்பி வீட்ல என்ன முட்டை சாப்பிட்டீங்க?"

அவனுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரிப்பு வந்தது. "அட, இதுக்கா? அது அடுத்தவங்க வீடு. அங்க போய் நொட்டை சொல்ல முடியுமா? உன்கிட்டன்னா உரிமை. அதனால சொல்றேன்."

அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் உடைத்துக்கொண்டது. ஆனால் அவள் குரல் உயரவில்லை, இன்னும் தாழ்ந்தது.

"உரிமையா? அந்த உரிமையக் கொண்டுபோய் உங்க தம்பி வீட்ல வச்சிட்டு வாங்க. அங்க காட்டினீங்களே ஒரு மரியாதை, அதை இங்க கொண்டு வாங்க. கல்யாணமாகி வந்த புதுசுல நானும் அவள மாதிரிதானே பிச்சுப் பிச்சு வச்சேன்? அன்னிக்கு எனக்கு ஏன் ஒரு 'இதுல என்னம்மா இருக்கு' வரல?"

அவன் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் துணி மடித்தாள். மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள்.

"சரி, எப்படித்தான் உரிக்கிறது?" என்றான் கடைசியில்.

முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். பழைய முட்டை, கொதிக்கிற தண்ணி, பத்துப் பன்னிரண்டு நிமிஷம், ஐஸ், பெரிய முனை, சவ்வு. குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

அடுத்த நாளே வந்துவிடவில்லை. சோம்பல்பட்டுப் பச்சைத் தண்ணீரில் போட்டு அவித்தான், பிய்ந்தது. பொறுமை இல்லாமல் சூட்டோடு உரித்து விரலைச் சுட்டுக்கொண்டான். "முட்டையே சரியில்ல" என்றான். "முட்டை நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். பிய்ந்ததையெல்லாம் அவனே தின்றான்; ஒன்றை அவள் பக்கம் நகர்த்தப் பார்த்தபோது அவள் பார்த்த பார்வையில் தானாகவே கை திரும்பிவிட்டது.

ஆனாலும் நட்டு போல்ட்டோடு பழகிய கை. பிடி கிடைத்துவிட்டது. ஒருநாள் அடுப்படியிலிருந்து, "இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டான். ஒரு கீறல் இல்லாமல் உரித்த முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா இருக்கு" என்றாள். உண்மையாகவே நன்றாக இருந்ததால் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் உள்ளே சுருக்கென்றது.

"நான் சொன்னேன்ல, நல்லா இருக்குன்னு? உரிச்சது ஒரே ஒரு முட்டை. கூப்பிட்டுக் காட்டினீங்க, நானும் வந்து சொன்னேன். இத்தனை வருஷத்துல நீங்க எனக்கு ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா?"

அவன் முட்டையோடு அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் யோசித்தான்; நிஜமாகவே தேடிப் பார்த்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"சொன்னதில்ல" என்றான்.

பொய் சொல்லவில்லை, மழுப்பவில்லை. அதற்காக அவள் மனம் இளகிவிட்டது என்று சொல்ல முடியாது. பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அன்றைக்குப் போர்வைகளை இழுத்த இழுப்பில், மறுமுனையைப் பிடித்திருந்தவள், "யார் மேல கோவம், இன்னும் ஆறலையா?" என்று கேட்டாள்.

"எதுக்கு ஆறணும்?" என்றாள் கஞ்சி. அடுத்த போர்வையை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரவர் முட்டை அவரவர் பாடு. அடுப்பில் ஒரே பாத்திரம்தான், அவிப்பது முன்னால் எழுந்தவர் வேலை. உரிப்பது மட்டும் தனித்தனி. அவனுக்கு இன்னும் சில நாள் சொதப்பும். பிய்ந்ததைத் தின்றுவிட்டுப் போவான், குறை சொல்ல வாய் திறப்பதில்லை.