ரப்பர் வைத்து அழித்த புத்தகம்

பேர்பெற்றவர்கள் வைத்திருந்த முதல் பதிப்புகளைத் தேடி அலைந்தே எனக்குத் தொண்ணூறுகள் கழிந்தன. கோவையில் ஒரு பழைய புத்தகக் கடையில், காலமான தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் மையில் அவர் பெயர். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல். யாரோ கெடுத்துவைத்திருக்கிறார்கள் என்று, ஒரு வாரம் கை வலிக்க ரப்பரால் அழித்தேன். பிறகு சூலூரில் இருந்த அவர் மனைவியிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அந்த அம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, பென்சில்ல எழுதியிருந்ததெல்லாம் எங்கீங்க?"

"அழிச்சு சுத்தம் பண்ணிட்டேனுங்க."

"பேரு நான் எழுதுனதுங்க. அவரு பென்சிலத் தவிர எதையும் தொடமாட்டாருங்க."

திட்டியிருந்தால் பரவாயில்லை. புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்று எழுந்தார்.

அதன்பின் நான் பெயர் பார்த்துப் புத்தகம் வாங்கவில்லை.