சேற்றில் நின்று போட்ட கூவல்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். வெள்ளறடைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுவது என் வேலை. மழை பிடித்துவிட்டால் வெட்டு நின்றுவிடும், வீட்டில் சும்மா இருக்கவும் எனக்குத் தெரியாது. தங்கையின் கணவர், எங்கள் ஊர்ப் பேச்சில் அளியன் (அவருக்கு நானும் அளியன்தான்), கோடையில் மலையில் காட்டுத்தீக் காவலுக்குப் போகிறவர். காட்டுக்குள் இருக்கும் அருவியைக் காட்டித் தாரும் என்று அவர் உயிரை எடுத்து, ஒரு காலையில் அவரோடு காடேறினேன்.

அட்டை கடிக்கும் என்றார். தினமும் தோட்டத்தில் அட்டையோடு குடித்தனம் நடத்துகிறவனிடமா என்று சிரித்தேன். அரைமணி நேரத்தில் வீம்பு இறங்கிவிட்டது. எங்கள் தோட்டத்து அட்டைகள் பரம சாதுக்கள். இங்கே இலைக்கு இலை எழுந்து நின்று ஆளைத் தேடின. கூடவே ஒரு வகை ஈ, சட்டைக்கு மேலேயே குத்தியது.

உச்சிப்பொழுதில் ஒரு சதுப்பைக் கடக்கும்போது என் இரண்டு காலும் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டன. முன்னால் போன அளியனைப் புல் மறைத்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தேன். விடியுமுன் இருட்டில் பால் வெட்டும்போது, பக்கத்துத் தோட்டக்காரன் பத்திரமாக இருக்கிறானா என்று அறிய நீளமாக ஒரு கூவல் போடுவோம். மறு கூவல் வந்தால் நிம்மதி. பழக்கதோஷம், கையைக் குவித்துக் கூவிவிட்டேன்.

மறு கூவல் வரவில்லை. அளியன் புல்லை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

"மிண்டாதேயும் அளியா. ஆனையாக்கும். அனங்கவும் செய்யாதேயும்."

அசையாமல் நின்றோம். எதிரே மூங்கில் விலகியது. ஒரு தாய் யானை, அதன் வயிற்றடியில் குட்டி. காதை விரித்து எங்களையே பார்த்தது. என் கால் சேற்றில். நானும் செத்தேன், தங்கையின் தாலியையும் அறுத்தேன் என்று நினைத்தேன். ஓடித் தப்பியிருக்கக்கூடிய அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கழுத்தில் ஒரு அட்டை ஏறி ஆற அமரக் குடித்தது. இன்னொன்று இமையோரம் வந்தது. தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்ட வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. யானை காதை மடக்கிச் சதுப்பில் இறங்கியது. அவ்வளவு பெரிய உருவம், ஒரு காலைச் சேற்றில் மெல்ல வைத்து, அழுத்திப் பார்த்து, உறுதியான பிறகுதான் அடுத்ததை எடுத்தது. அதே குழியில் குட்டி கால் வைத்தது. பத்தடி தூரத்தில் அதன் மூச்சு கேட்டது. இப்படி ஒன்றைப் பார்க்கக் கொடுத்துவைத்தேனே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டும் எங்களுக்குப் பின்னால் கரையேறி மறைந்ததும் அளியன் என்னைப் பிடுங்கி எடுத்தார். "இனி அது சவுட்டின எடத்துலயே சவுட்டி வாரும்" என்றார். யானை வந்த திசை நோக்கி, அந்தக் குழிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்தேன். அடியில் தரை இறுகியிருந்தது. அப்படித்தான் கரையேறினோம்.

அருவியைப் பார்க்கவில்லை. இன்றும் விடியுமுன் தோட்டத்தில் கூவுகிறேன். கூவியதும், அன்று சீறிப் பாய எல்லா நியாயமும் இருந்தும் எங்களைக் கடந்து போனவளை நினைத்து ஒரு நொடி அசையாமல் நின்றுவிட்டுத்தான் கத்தியை மரத்தில் வைக்கிறேன்.